ரிப்போர்ட்டில் இருந்தது

தென்காசி
29.7.2025

அன்புள்ள லோகநாயகிக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை; ஆனாலும் கேட்கிறேன். போனை நீ எடுப்பதில்லை. அதனால் திருவேங்கடத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

நமக்குக் குழந்தை இல்லாததற்குக் காரணம் நான். உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. தை மாதமே எனக்கு இது தெரியும். என் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பஸ்ஸுக்கு ஸ்பெஷல் டிரிப் என்று உன்னிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேனே, அன்று விதையிலிருந்தே ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் இல்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். விதைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவதே சூடு குறைவாக இருக்க வேண்டும் என்றுதானாம். உள்ளே நூல் நூலாகக் குழாய்கள். உயிரணு உருவாவது அங்கேதான். எனக்கு அவை சுருங்கிவிட்டன. விந்து நீரில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளில் ஊறுகிறது. ஆண்மைக்கான சுரப்பும் எனக்குக் கெடவில்லை. அதனால்தான் உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கல்யாணமான ஏழு வருஷமும் ஆளில்லாத பஸ்ஸை ஐந்தருவிக்கு ஓட்டியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். அதுதான் வைத்தியம். கழுத்து வீக்கம் வற்றியது. அடுத்த வாரம் கீழே இரண்டு பக்கமும் வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. அந்த இடத்தை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் சரியாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது என்றார்.

அது விதி என்று விடலாம். அதற்குப் பிறகு செய்தது விதி இல்லை. ரிசல்ட் என்ன என்று அம்மா கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். மறுநாளே, எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இவதான் சும்மா கோயில் கோயிலா சுத்துதா என்று பக்கத்து வீட்டு சொக்கம்மாளிடம் சொன்னாள். நீ எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். நான் தலை குனிந்து சாப்பிட்டேன். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டேன். அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

விவாகரத்து கேட்டு உன் அண்ணன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வந்தது. சம்மதம் என்று கையெழுத்துப் போடுகிறேன். திரும்பி வா என்று கேட்கவில்லை. கேட்டாலும் நீ வரக்கூடாது. நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீ எனக்கு ஏதோ செய்வினை வைத்துவிட்டாய் என்கிறாள்.

ஆவணியில் உன் தங்கை அபர்ணாவுக்கு வளைகாப்பு என்று கேள்விப்பட்டேன். பிள்ளை இல்லாதவள் கை படக்கூடாது என்று யாராவது சொல்வதற்கு முன்பே நீ அடுக்களைக்குள் போய்விடுவாய். போகாதே. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி உன் அண்ணன் அதை வாசிக்கட்டும், என் பெயர் உட்பட. வாசித்து முடித்ததும் நீ போய் அபர்ணா கையில் முதல் வளையலைப் போடு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

முத்துகுமரன்