மாமாவின் லூடோ கூட்டாளி

நவம்பர் 18, செவ்வாய்

மாமனார் இன்றும் லூடோ ஆடவில்லை. தினமும் மாலை போனில் அவரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவர் சில நாட்களாக வரவில்லை. "ஏன் ஸ்வாமி, தூங்கிட்டீங்களா? காயை நகத்துங்க!" என்று அந்தக் கூட்டாளி கன்னட வாடையோடு மாமாவை அதட்டுவது சமையலறைவரை கேட்கும். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு மாமா சிரித்தது அந்த ஆட்டத்தில்தான்.

"கடைசியா நெஞ்சு வலிக்குதுன்னாரும்மா. எந்த ஊருன்னு பாரு, போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

அவர் போனில் அந்த ஆட்டத்தைத் திறந்து தேடினேன். ராஜா என்ற பெயரும் ஒரு செம்பருத்திப் படமும்தான் இருந்தன.

"இத்தன நாள் பேசுனீங்களே, ஊரைக் கேக்கலைங்களா மாமா?"

"அவரும் கேக்கல, நானும் கேக்கல."

எங்கள் காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர் சாவு எதற்கும் இவர் போகாமல் இருந்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் குழாயடியில் தண்ணீர்ச் சத்தம். இந்தக் குளிரில், பச்சைத் தண்ணீரில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே வந்தார். எழவு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இப்படித்தான் வருவார்.

சாப்பாடு வேண்டாம் என்றார். போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.