அடுப்பு எரியாத நாளின் சிவப்புக் குறி

நேற்று உன் மகள் வந்திருந்தாள். உன் பெட்டியின் அடியில் கிடந்தது என்று பழுப்பேறிய நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். பிரித்ததும் ஆஸ்பத்திரி லைசால் மருந்து நெடி. இத்தனை வருஷம் கழித்தும் அது போகவில்லை. உன்மேல் எனக்கிருக்கும் கோபமும் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நீயும் நானும் கடலோர அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்சுகள். ஆப்பரேஷன் ஆன வயிறுகளில் சீழ் பிடித்துக்கொண்டே இருந்தது. "கடல் காத்து, ஈரம், என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுவார். நீதான் விடவில்லை. "வாயை நம்பாத, எழுதிப் பாப்போம்" என்றாய். எந்தக் கட்டில், யார் கட்டு மாற்றியது, எத்தனையாம் நாள் சீழ் என்று எழுதினோம். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்தோம். முதலில் விரிப்பு, ஒன்றும் குறையவில்லை. அடுத்து, ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவே கை கழுவினோம், கொஞ்சம் குறைந்தது.

அப்புறம்தான் கட்டு மாற்றும் இடுக்கி ஊறும் மருந்துப் பாட்டில் கண்ணில் பட்டது. புதுச்சேரியிலிருந்து மருந்து வரத் தாமதமாகும் என்று, பழையதைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றுவது அங்கே பழக்கம். "தயிருக்கு உறை ஊத்துற மாதிரியில்ல வச்சிருக்கோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அன்றிலிருந்து காலை முறைக்கு வருபவள் பாட்டிலைக் கொட்டி, இடுக்கியோடு ஸ்டவ்வில் கொதிக்க வைத்து, புது மருந்து ஊற்றி, நோட்டில் சிவப்புக் குறி போட வேண்டும். சீழ் அருகிப்போனது. அந்த மாதங்களில் வார்டில் நாம் நடந்த நடையே வேறு.

மாதா கோயில் தேரன்று காலை முறை உனக்கு. மத்தியானம் நான் வந்தபோது குறி இருந்தது. அதை நம்பி, அந்த இடுக்கியால் கோட்டுச்சேரிமேட்டுப் பெண்ணுக்குக் கட்டு மாற்றினேன். மூன்றாம் நாள் சீழ். பத்தாம் நாள் போய்விட்டாள். பச்சைக் குழந்தையோடு அவள் புருஷன் வராந்தாவில் நின்றான்.

விசாரணையில் நீ அந்த நோட்டைத்தான் காட்டினாய். "பாட்டில் கொதிச்சிருக்கு சார், குறி இருக்கு பாருங்க. கட்டு மாத்துனது அவங்க." கை கழுவாதவள் என்று என்னை அம்பகரத்தூர்ப் பக்கம் தூக்கியடித்தார்கள். நானும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். தோல் உரியத் தேய்த்தேன்.

மறுவருஷம் பஸ்ஸில் வார்டு ஆயாவைப் பார்த்தேன். "தேரன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலியேம்மா. மண்ணெண்ணெய் இல்லன்னேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டு சீக்கிரமே கெளம்பிட்டாங்க அந்தம்மா" என்றாள்.

கொதிக்க வைக்காததை மன்னித்திருப்பேன். யாருக்கும் ஒரு நாள் தவறும். குறி போட்டாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாய்.

நேற்று அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். குறி அப்படியே இருக்கிறது, ஒரு அடித்தல்கூட இல்லை. "அம்மாவும் நீங்களும் சேந்து எத்தனையோ பேர காப்பாத்துனீங்களாமே ஆன்ட்டி" என்றாள் உன் மகள். "ஆமாம்மா" என்றேன். அதுவும் உண்மை என்பதுதான் பொறுக்கவில்லை.

ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் சோற்றில் கை வைக்குமுன் இரண்டு முறை கழுவுகிறேன். முதல் முறை அழுக்குக்கு. இரண்டாவது, இந்தக் கையைப் பற்றி நீ சொன்ன பொய்க்கு.