இடது பக்கம் முறுக்கிய கம்பி

நவம்பர் 6

கடிகாரக்காரர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. "உன் வீட்டுக்காரன் இங்க வந்து ரெண்டு சுத்து பெருத்துட்டான்" என்று அண்ணி போன வாரமே சொல்லிவிட்டார்கள். உங்கள் அக்கா கைச் சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் இருக்குமா?

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் போன பத்து மாதத்தில் நாம் போனில் பேசியது ஐந்து முறை. ஐந்து முறையும் மூன்றாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிட்டோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அந்த வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நூலகர் அம்மா சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நான் தோள் அளவு எடுக்கிறேன், அவர் கழுத்தை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வருஷ விடுமுறைக்கு நாம் இரண்டு பேரும் செய்து முன்னறையில் மாட்டினோமே, அந்த மூன்று நட்சத்திரத் தொங்கல். அதை நான் இன்னும் கழற்றவில்லை. "இது தானாவா சுத்துது? மோட்டார் இல்லையா?" என்று கேட்டார். நாம் மூச்சு விடுவதே அதற்குப் போதும் என்றேன். "அப்ப எங்க நூலகக் கூடத்துக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க, பெரிசா! வருஷக் கடைசி லீவுல பிள்ளைங்க எல்லாம் அங்கதான் வருவாங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும், உங்களுக்குத் தெரியாததா.

ஐம்பத்தாறு உருப்படிகள் செய்தாயிற்று. நூலகத்தில் கழித்துக் கட்டிய புத்தகங்களின் தாள், வெட்டுத்துணி, லேஸ், டப்பா மூடி, உங்கள் மேஜையடியில் கிடந்த பழைய கடிகார முகங்கள், எல்லாம் கலந்து. மீன், இலை, பறவை, நட்சத்திரம். என் கண்ணுக்கே நன்றாக இருக்கிறது. ஆனால் மாட்டினால் நிற்கவில்லை. நாலு நாளாகக் கட்டுகிறேன், நாலு நாளாக ஒரு பக்கம் குப்புறச் சாய்கிறது. நான் ஒட்டுவேன், நீங்கள் தொங்கவிடுவீர்கள் என்றே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. உங்கள் பாதியை நான் ஒருநாளும் கவனித்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எப்படி நிற்க வைப்பீர்கள்? படிப்படியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி

பின்குறிப்பு: லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் கடிதம் திரும்பி வரும்.


நவம்பர் 12

தையற்கடை அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா அதை என்னிடம் தரும்போது, எனக்கு ஏதோ பரீட்சை முடிவு வந்ததுபோல் பக்கத்திலேயே நின்றாள்.

நீ மேலிருந்து கீழே கட்டியிருப்பாய். அதுதான் தப்பு. துணியைத் தோளிலிருந்து பிடிக்கிற பழக்கம் உனக்கு. தொங்கலைக் கீழிருந்துதான் கட்ட வேண்டும். கடைசிக் கம்பியை முதலில் எடு. இரண்டு நுனியிலும் உருப்படிகளை மாட்டு. நடுவில் ஒரு நூல் வளையம் போட்டு அதை விரலில் தூக்கிப் பார். சாய்கிற பக்கமாக வளையத்தை மெல்ல நகர்த்து. கம்பி எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடம் ஒன்று வரும், அங்கே வளையத்தைக் கட்டு. அது முழுசும் சேர்ந்து, அடுத்த கம்பிக்கு ஒரு நுனியின் சுமை. இப்படியே மேலே ஏறு. அவசரப்படாதே என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். ஆனாலும் சொல்கிறேன்.

உருப்படி ரொம்ப லேசாக இருந்தால் வயிற்றுக்குள் கனம் வைக்க வேண்டும். கைக்குக் கிடைத்த எதையாவது கட்டிப் பார்ப்பேன். சரியாக நின்றால் அதை எடுத்துவிட்டு, அதே எடைக்குப் பித்தளைத் துண்டு வைப்பேன். முதலில் கட்டியதை எடுக்க இருபது வருஷத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. சந்தேகமிருந்தால் போன வருஷ நட்சத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார், உள்ளே துண்டு இருக்கும்.

நீ எழுதாதே என்றதை எழுதுகிறேன். திருப்பி அனுப்பினால் அனுப்பு. கடிகாரம் பழுது பார்க்க இருபத்திரண்டு வருஷம் நான் கண்ணில் இடுக்கி வைத்த லென்ஸ் அது. விடுமுறை முடிந்து வேலைக்கு உட்கார்ந்த அன்று மேஜையில் இல்லை. அந்த வீட்டில் பெருக்குகிறவள் நீ ஒருத்திதான். குப்பையோடு தள்ளிவிட்டாய். கேட்டதற்கு, "குப்பை மேல அவ்வளவு ஆசைன்னா அதைத் தேடிக்கிட்டே போங்க" என்றாய். போனேன். இங்கே புதிது வாங்கிவிட்டேன். அது கண்ணில் நிற்காமல் நாளைக்கு நாலு தரம் விழுகிறது.

பழைய பற்சக்கரங்கள் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், கனத்துக்கு ஆகும்.

கடிகாரக்காரன்


நவம்பர் 27

கடிகாரக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்ப உறையில்கூடப் போட்டுவிட்டேன். பிறகு கம்பி விவரம் தேவைப்பட்டதால் பிரித்தேன்.

நின்றுவிட்டது! கீழ்க்கம்பியை விரலில் தூக்கி, வளையத்தை ஒரு நூலளவு நகர்த்தினேன். அதுவரை முரண்டு பிடித்த கம்பி சட்டென்று அமைதியாகப் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் டப்பா மூடி மீன், இன்னொரு பக்கம் வெறும் லேஸ் இலை. அதுவும் இதுவும் எப்படிச் சமமாகும்? ஆனால் ஆகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பிறகு வேண்டுமென்றே மூச்சை விட்டேன். மீன் திரும்பி என்னைப் பார்த்தது. இத்தனை வருஷம் இதை நீங்கள் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! "வா, வந்து பாரு" என்று ஒருநாளாவது கூப்பிட்டிருக்கலாம். ஒருவேளை கூப்பிட்டிருப்பீர்கள், நான்தான் தையல் மெஷினை நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஏழு கம்பி ஏறிவிட்டது. இரண்டுதான் பாக்கி.

நீங்கள் சொன்னபடி போன வருஷத்துப் பெரிய நட்சத்திரத்தையும் பிரித்தேன். உங்கள் பித்தளைத் துண்டு உள்ளே இல்லை. வேறொன்று இருந்தது. என்னவென்று எழுத மாட்டேன். அந்த நட்சத்திரத்தை அப்படியே, பிரித்த வயிறோடு, கீழ்க்கம்பியில் மாட்டியிருக்கிறேன். டிசம்பர் பதினைந்தாம் தேதி கூடத்தில் தூக்குகிறோம். பேருந்தில் இரண்டு மணி நேரம்தானே. வந்து பாருங்கள்.

தையல்காரி


டிசம்பர் 5

அம்மையாருக்கு,

நின்றதில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அக்காவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

வருவது பற்றி. விடுமுறைக்கு முன் எல்லோருக்கும் கடிகாரம் ஓட வேண்டும், கடையில் தலை நிமிர நேரமில்லை. இது ஒரு காரணம். உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே வந்தால் திரும்பி வர மனசு இருக்காது. ஆனால் எந்த முகத்தோடு வீட்டு வாசலில் நிற்பது? "தப்பு என்னுதுதான், தெரியாம கூட்டித் தள்ளிட்டேன்" என்று ஒரு வரி நீ எழுதியிருந்தால் என்றைக்கோ வந்திருப்பேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த ஒரு வரி வரட்டும், அடுத்த பேருந்தில் நான் இருப்பேன்.

கடிகாரக்காரன்


டிசம்பர் 11

கடிகாரக்காரருக்கு,

அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். பொய் எழுதித்தான் உங்களை வரவழைக்க வேண்டும் என்றால், வராமலே இருங்கள். தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டேன். தனியாகச் சிரிக்கத்தான் இன்னும் வரவில்லை, அதுவும் வரும்.

ஜனவரி மூன்றாம் தேதி வரை கூடம் திறந்திருக்கும். நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுவோம். இதற்குமேல் கூப்பிட மாட்டேன்.

தையல்காரி


டிசம்பர் 27

ஊசி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நேற்று வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். மூன்று மணி இருக்கும். கூடத்துக் கதவைத் திறந்து இரண்டடி வைத்தவன், அதற்குமேல் நகரவில்லை.

ஊசி, என்ன செய்து வைத்திருக்கிறாய் நீ! இரண்டு மாடி உயரம். மேலே ஒரே ஒரு கொக்கி. அதிலிருந்து ஒன்பது கம்பிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக விரிந்து இறங்கி வருகின்றன. நான் கதவைத் திறந்த காற்றுக்கு முதலில் ஒரே ஒரு இலை திரும்பியது. அது தன் கம்பியைத் திருப்பியது, அந்தக் கம்பி அடுத்ததை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்ததெல்லாம் நகர ஆரம்பித்துவிட்டது, ஒன்றை ஒன்று தொடாமல், சத்தமே இல்லாமல். பறவையின் இறக்கையில் புத்தக வரிகள் தெரிந்தன. மீன் வயிற்றில் நான் எப்போதோ தூக்கிப் போட்ட கடிகார முகம், முள் இல்லாமல். அது இவ்வளவு அழகானது என்று எனக்குத் தெரியாது. குப்பை என்று நான் ஒதுக்கியதையெல்லாம் நீ ஆகாயத்தில் மாட்டியிருந்தாய்.

நான் மட்டுமில்லை. புத்தகம் திருப்பித் தர வந்த ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு சின்னப் பெண் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். அவளைத் திட்ட வந்த அம்மா மேலே பார்த்தாள், திட்டவில்லை, அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாள் முழுக்கச் சக்கரங்களோடு கிடக்கிறவன். ஓடுகிற பொருளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்புறம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்தது. சட்டென்று ஒரு வெளிச்சப் பொட்டு அலமாரிகள்மேல் ஓடியது. புத்தக முதுகுகள்மேல் ஊர்ந்து, அந்தச் சின்னப் பெண்ணின் வயிற்றில் ஏறி, என் சட்டையில் வந்து நின்று, மறுபடி போனது. அவள் எழுந்து அதைத் துரத்தினாள். அது எங்கிருந்து வருகிறது என்று நான் தேடினேன். கீழ்க்கம்பி. பிரித்த நட்சத்திரம். அதன் வயிற்றில் என் லென்ஸ்.

மேல் அலமாரிக்கு ஏறும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். "சார், விழுந்துடப் போறீங்க" என்று நூலகர் அம்மா ஓடி வந்தார். கம்பியைப் பார்த்தேன். இடது பக்கமாக மூன்று முறுக்கு. நான் இடது கைக்காரன். நீ வலது கைக்காரி, உன் முறுக்கு இப்படி வராது. இந்த உலகத்தில் யாரை ஏமாற்றினாலும் என் முறுக்கை நான் ஏமாற்ற முடியாது. நானேதான் கட்டியிருக்கிறேன். கைக்குக் கிடைத்ததைக் கட்டிப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குக் கைக்குக் கிடைத்தது கண்ணிலிருந்து கழற்றி வைத்த லென்ஸ். சரியாக நின்ற சந்தோஷத்தில் எடுக்க மறந்து உன்னிடம் கொடுத்திருக்கிறேன். இருபது வருஷத்தில் மறந்ததே இல்லை என்று உனக்கே பெருமையாக எழுதியும் இருக்கிறேன்!

நீ நவம்பரிலேயே பார்த்துவிட்டாய். எழுதவில்லை. அதற்குப் பிறகும் நான் அந்த ஒரு வரியைக் கேட்டேன். இதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

தப்பு என்னுதுதான். நீ ஒன்றையும் கூட்டித் தள்ளவில்லை. உன்னைப் பழி சொன்னேன். ஒரு வருஷம் உன்னைத் தனியாக விட்டேன். மன்னித்துவிடு.

லென்ஸை எடுக்கவில்லை. கைக்கு எட்டும் தூரம்தான். எடுத்தால் உன்னுடைய அத்தனையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நம் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பிவிட்டேன். நீ சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டாலும் நியாயம்தான்.

உன்,
கடிகாரக்காரன்


டிசம்பர் 31

என்னங்க,

வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பிய அந்த மெஷினை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்.

நட்சத்திரத்தைப் பிரித்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? முதலில் துள்ளிக் குதித்தேன். ஜெயித்துவிட்டேன், நாலு பக்கம் எழுதி உங்களை நார் நாராகக் கிழிக்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். பிறகு அந்தக் கம்பியைப் பார்த்தேன். மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை உள்பக்கம் மடித்திருந்தீர்கள், என் துணியில் மாட்டிக் கிழியக் கூடாது என்று. இப்படி மடிக்கிற மனிதரைத் திட்ட எனக்குக் கை வரவில்லை. அழுதேன். உங்களுக்காக இல்லை, அந்த நுனிக்காக.

இன்னொன்றும் உண்டு. கட்டியவர் நீங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதன்மேல் தாளும் துணியும் ஒட்டி மூடியவள் நான்தான். என் கையால் ஒட்டிய நட்சத்திரத்துக்குள்ளேயே அந்த லென்ஸ் ஒரு வருஷம் என் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே அந்தத் தப்பில் பாதியை இங்கே அனுப்பிவிடுங்கள். முழுசையும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும். ஏணி ஒன்று, ஆனால் கை நாலு வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் மற்றவர் அவிழ்த்தால் எல்லாம் சாயும். இதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் பேருந்திலேயே கிளம்புங்கள். பெட்டியை மறக்காதீர்கள். கருவிப் பெட்டியைச் சொல்லவில்லை, துணிப் பெட்டி.

உங்கள்,
ஊசி