ஓரலுக்கு மட்டும் ரீ-டெஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

கம்பெனி நோட்டீஸ் போர்டில் என் எண்ணுக்கு நேராக மூன்று கட்டங்கள் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

அந்தக் கட்டங்களில் ரிட்டன், பிராக்டிகல், ஓரல் என்று போட்டிருந்தது. எழுதுவது, செய்து காட்டுவது, வாயால் சொல்வது. என்னைப் போல நூல் வெட்டுகிறவர்கள் தையல் மெஷினில் உட்கார மூன்றிலும் பாஸாக வேண்டுமாம். ஒன்பதாவது முழுப்பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவளை, பரீட்சை இங்கேயும் தேடி வந்துவிட்டது!

ரிட்டனில் அளவுகள் கேட்டார்கள், எழுதிவிட்டேன். பிராக்டிகலில் காலர் தைத்தேன். ஓரலில் என் எண்ணைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து, “உள்ளேன் ஐயா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“உட்காரும்மா, இது பள்ளிக்கூடம் இல்ல. உன் வேலையப் பத்தி ஒரு நிமிஷம் பேசு, போதும்” என்றார் சூப்பர்வைசர்.

எனக்குப் பேச்சே வரவில்லை. இங்கே ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம், அம்மா. கவலைப்படாதே, அடுத்த மாதம் ஓரலுக்கு மட்டும் ரீ-டெஸ்ட் வைக்கிறார்கள்.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை போனில் “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. என்னை நிறையக் கேள்வி கேள். அப்பாவையும் கேட்கச் சொல்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்கள் ஊமைக்கோட்டான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், இந்தக் கடிதத்தைச் சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே வந்தது.