சபையேறிய நகைச்சுவை

மார்ச் 3

என் அன்பு மருமகளுக்கு,

இரண்டு பிரேக் வைத்த காரின் சக்கரவர்த்தியும், நாற்பதாயிரம் பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தும் இன்னும் உயிரோடிருப்பவனுமாகிய உன் மாமா எழுதுவது. நலம். நலமில்லாததைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் வழக்கு. உன் போன கடிதத்தில் உன் தலைவர் பதினேழு முறை வருகிறார். நான் ஒரே முறை. அதுவும், 'மாமாவுக்கு இருமல் எப்படி?' என்று. இருமல் உன் அப்பாவுக்கடி! நாட்டின் தலைவருக்கு வரும் கடிதங்களையெல்லாம் படித்து, தினம் பத்தைப் பொறுக்கி அவர் மேசையில் வைக்கிறாய், பத்துக்கும் அவர் கைப்பட பதில் எழுதுகிறார். பெருமைதான். ஆனால் உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவரா, நானா? நீ இடித்தது யார் வீட்டு மதில்?

இனி நலமில்லாதது. இரண்டு கண்ணிலும் புரை. சிக்னலில் ஒரு சிவப்பு விளக்கு ஒன்பதாகத் தெரிகிறது. எதற்கு நிற்பதென்று தெரியாமல் ஒன்பதுக்கும் நிற்கிறேன். ஓட்டப் பழகும் பிள்ளை, "சார், பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு சார்" என்று அழுகிறது. ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். சொந்தத் தொழில் செய்பவனுக்கும் இலவச வைத்தியம் என்று உன் தலைவர் தேர்தலில் சொன்னாரே, அதை நம்பித்தானே ஓட்டுப் போட இந்தக் காரில் முந்நூறு பேரை ஏற்றிப் போனேன்? சட்டம் வரட்டும். அதுவரை ஒன்பது விளக்கோடு குடித்தனம் நடத்துகிறேன்.

பதினேழுக்கு ஒன்று என்று தோற்றுப்போன,
மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

இருமலுக்கு மன்னிப்பு. மதிலுக்குக் கிடையாது. "போ போ, இடமிருக்கு" என்றது நீங்கள்தான்.

ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதீர்கள். உங்கள் கடிதத்தை அந்தப் பத்தில் ஒன்றாக வைத்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இந்த மனுஷன்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். உங்களுக்கான பிரிவு சட்டத்தில் இருக்கிறது மாமா. ஆறாம் பிரிவு. வரைவை நானே பார்த்தேன். மே மாதம் சபைக்கு வருகிறது. அதுவரை தயவுசெய்து காரைத் தொடாதீர்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 2

மருமகளே,

உன் தலைவரின் கடிதம் வந்தது. ஐந்து வரி, கைப்பட. 'உங்கள் கண்களை மறக்கமாட்டேன்' என்று எழுதியிருக்கிறார். என் கல்யாணத்தில்கூட யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. படித்ததிலிருந்து உன் அத்தைக்கே முகம் சரியில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மூன்று தடவை வாங்கிப் படித்தார். அவர் வயிறு எரிந்த எரிச்சலில் தெரு முழுக்க வெந்நீர் போட்டிருக்கலாம்.

ஆனால் எனக்கும் கொஞ்சம் எரிகிறது. என் கடிதம் உனக்கு எழுதியதல்லவா? கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நமக்குள் இருந்ததை எடுத்து அவரைச் சிரிக்கவைத்திருக்கிறாய். அவர் சிரித்ததை நீ எழுதியிருக்கும் அழகைப் பார்த்தால், என் கண்ணைவிட அவர் சிரிப்புதான் உனக்குப் பெரிதாகப் பட்டதோ என்னவோ.

போகட்டும். கிழவன் புலம்பல்.

மாமா

மே 14

மருமகளுக்கு,

நேற்று தெருவே என் டிவி முன்னால். மருந்துக்கடைக்காரர் முதல் வரிசை. உன் தலைவர் எழுந்தார். "ஒரு டிரைவிங் ஆசிரியர் எனக்கு எழுதியிருந்தார்" என்று தொடங்கி ஒன்பது விளக்கையும் சொன்னார். சபை உருண்டது. எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். நான் எழுந்து நின்று, தெருவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் செய்தி வந்தது. சட்டம் நிறைவேறியது, ஆறாம் பிரிவு நீக்கம். சட்டம் தேற, சபையிலிருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆட்களும் ஓட்டுப் போட வேண்டுமாம். அதனால் இப்போதைக்குச் சம்பளக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இரண்டாம் கட்டத்தில். அது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. "அண்ணே, அப்ப நீங்க எந்தக் கட்டம்?" என்றார் மருந்துக்கடைக்காரர். மெதுவாகத்தான் கேட்டார்.

என் நகைச்சுவைக்குச் சபைக்குள்ளே ஆசனம். என் கண்ணுக்கு வாசற்படியில்கூட இடமில்லை. தன் நகைச்சுவையைப் பார்த்தே பொறாமைப்பட்டவன் ஈரேழு பதினாலு லோகத்திலும் நான் ஒருவன்தான்.

ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. உனக்கு எப்போது தெரியும்?

மாமா

மே 25

மாமா,

சட்டம் சபைக்கு வருவதற்குப் பத்து நாளுக்கு முன்பே தெரியும்.

போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் அவர் மாற்றிவிடுவார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக உங்களைத் தெருவின் முன் எழுந்து நிற்க விட்டுவிட்டேன்.

சட்டம் நிறைவேறிய மறுநாள் அவரிடமே கேட்டேன். "முழுசாக் கேட்டிருந்தா ஒண்ணுமே கிடைச்சிருக்காதும்மா. பாதியாவது வந்துச்சே" என்றார். அது பொய்யில்லை. ஆலைத் தொழிலாளிகளின் நன்றிக் கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. படித்தால் அழுகை வருகிறது. நான் வேலையை விடப்போவதில்லை.

பிறகு, "உங்க மாமா கோபமா இருக்காரா?" என்று கேட்டுச் சிரித்தார். கூடவே சிரிப்பது என் வழக்கம். அன்று எனக்கு வரவில்லை.

உங்கள் மருமகள்

ஜூன் 3

என் அன்பு மருமகளுக்கு,

காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் மருந்துக்கடைக்காரர். இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதிக்கிறார். அந்தப் பணத்தில் வரும் வெள்ளிக்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன்.

ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். நூற்றுக்குப் பத்துப் பங்கு சந்தோஷம், மிச்சம் வயிற்றெரிச்சல். சீக்கிரம் விகிதம் மாறும். வேலையை நீ விடாதே. இரண்டாம் கட்டத்து ஆட்களின் கடிதத்தையும் யாராவது பொறுக்கி வைக்க வேண்டுமே.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல பாதி பொறாமை" என்றாள். மீதியையும் கிழித்துவிட்டேன்.

ஒரு வாரம் எதையும் படிக்கக்கூடாதாம். எழுதாதே, வா. பக்கத்தில் உட்கார்ந்து உன் கதையைச் சொல். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் தலைவரையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வா.

மாமா