கைப்பிடி அரிசி ஏலம்

ஞாயிறு, இரவு பதினொன்றரை

ஆண்டவரே, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

பெண்கள் தினமும் உலை வைக்கும்போது எடுத்துவைத்துக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் கைப்பிடி அரிசியை, ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல நான்தான் ஏலம் விட்டேன். கடைசிப் பையை நானே இருநூறு ரூபாய்க்குக் கேட்டேன். பாப்பா இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கொட்டச்சேடு பக்கம் காபி பறிக்கப் போகும் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "ஏனுங்க, ஏலம் கூப்புடறதும் நீங்க, எடுக்கறதும் நீங்களா? நொம்ப நல்லாருக்குதுங்க!"

சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. "எம்மேல நம்பிக்கை இல்லீன்னா இனி அரிசி கொண்டு வர வேண்டாங்க அக்கா" என்றேன். அவர் காலிப் பையை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

"விடு, கணக்குல பைசா கொறையலியே" என்கிறார் என் கணவர். குறையவில்லைதான். ஆனால் இரண்டாம் தரம் சொல்லும்போதே பின்வரிசையில் அக்காவின் கை உயர்ந்ததை நான் பார்த்தேன். பாப்பா அழுததால்தான் அவசரப்பட்டேன் என்று சாயங்காலம் முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மலிவாகக் கிடைக்கிறதே என்றுதான்.

அடுத்த ஞாயிறு அக்கா கோயிலுக்கே வராமல் போய்விட்டால்?

காலை ஏழு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அவர் வாசலில் போய் நிற்கவா, ஞாயிறுவரை பொறுத்து எல்லோர் முன்பும் சொல்லவா? இரண்டுக்கும் தைரியம் வரவில்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.