நடுச்சுவரில் நான் அடைத்த ஓட்டை

என் அன்பு மச்சான் சாதிக்,

நீ இருந்திருந்தால் இந்நேரம் மொட்டைமாடியில் நின்று, "இன்னா மாமே, வானம் பொத்துக்கினு ஊத்துது!" என்று கத்தியிருப்பாய். காலையிலிருந்து விடவே இல்லை. திருவேற்காடு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோகூட ஓடவில்லை.

"ரெண்டு ஊட்டையும் ஒண்ணா ஜாக்கி வெச்சித் தூக்கிடலாம் மாமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சொல்லிவிட்டு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்தக் கோடையில் நான் என் வீட்டை மட்டும் நாலடி தூக்கினேன். தனக்கு மிஞ்சித்தான் தானதர்மம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேல்மேலே ரோடு போட்டதில் உன் வீடு பள்ளத்தில் கிடக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை மச்சான். நம் நடுச்சுவரின் அடியில் நீ ஓர் ஓட்டை விட்டிருந்தாய் அல்லவா? உன் வாசல் தண்ணீர் அதன் வழியாக என் பக்கம் வந்து, பின்னால் கால்வாய்க்குப் போய்விடும். வீட்டைத் தூக்கும்போது கொத்தனார், "இது எதுக்கு சார்?" என்று கேட்டார். பாம்பு வருகிறதென்று, நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வசந்தா பயந்துகொண்டிருந்தாள். "அடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன் என்று நீ கிண்டல் செய்வாயே, சரிதான். ஆனால் எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மத்தியானம் உன் வாசலில் மூன்று படியில் இரண்டு முழுகிவிட்டது. உன் மனைவி நசீமா கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி, அரிசி மூட்டையையும் உன் தையல் மெஷினையும் அதன்மேல் வைத்துவிட்டு, சுவரருகே வந்தாள்.

"ஏண்ணே, எப்பவும் வடிஞ்சிடுமே. இப்ப இன்னாத்துக்கு நிக்குது?"

"மழை ஜாஸ்திம்மா" என்றேன். வாய் கூசியது.

கொஞ்ச நேரம்தான் தாங்க முடிந்தது. கடப்பாரையை எடுத்தேன்.

"நம்ம வாசல்ல வந்துடுமே!" என்றாள் வசந்தா.

"வரட்டும். ஊடுதான் மேல கீதே."

அடைத்த சிமெண்ட் லேசில் பெயரவில்லை. பாதிச் சுவரே விழுந்தது. தண்ணீர் என் பக்கம் பாய்ந்தது.

அப்போது நசீமா என்ன சொன்னாள் தெரியுமா? "எங்களுக்காக உங்க சொவத்தையே இடிச்சிட்டீங்களேண்ணே." அழுதுவிட்டேன் மச்சான். மழையில் அவளுக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போதும் பெய்கிறது. ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்கிறார்கள். இப்போதைக்கு உன் வாசலில் இரண்டு படி தெரிகிறது. அப்படியே நிற்குமா?

அந்தச் சுவரை இனி எழுப்ப மாட்டேன். அடுத்த மழைக்குள் உன் வீட்டுக்கும் ஜாக்கி வரும், கூடவே நான் நிற்பேன். அதற்கெல்லாம் முன்னால், மழை விட்டதும் ஓட்டையை அடைத்தது நான்தான் என்று நசீமாவிடம் சொல்லிவிடுவேன். அதன் பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டால், அது உன் புண்ணியம்.

உன் பக்கத்து வீட்டு மச்சான்,
தனசேகர்